எளிய உரைக் கோப்புகளில் துணைநூல்களும் ஆய்வுக் குறிப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ் இலக்கியம், வரலாறு, கல்வெட்டு, பதிப்பு வரலாறு போன்ற துறைகளில் ஆய்வேடு எழுதுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. கணிப்பொறித் துறையினருக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். தமிழ்ப் பெயர், மறுபதிப்பு, பழைய எழுத்துரு என்று வரும் இடங்களை அவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது.

எளிய உரைக் கோப்பு என்றால் என்ன? வேர்டில் தட்டுவதும் உரைதானே?

நோட்பேடில் திறந்தால், தட்டியது தட்டியபடியே தெரிய வேண்டும். அதுதான் எளிய உரை. வேர்ட் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், ஒரு சொல்லும் புரியாது. அதைப் படிக்க வேர்டோ அதற்கு இணையான ஒன்றோ எப்போதும் வேண்டும்.

துணைநூல் விவரங்களை இப்படி வைப்பது பழைய வழக்கம். பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் 1978இல் 'ரெஃபர்' என்ற நிரலை எழுதினார். ஒரு வரிக்கு ஒரு விவரம், வரியின் தொடக்கத்தில் ஒரு விழுக்காட்டுக் குறி, பக்கத்தில் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு ஆகியவற்றைக் குறிக்கும் ஒற்றை எழுத்து, அவ்வளவே. 1985இல் ஓரன் படாஷ்னிக், லெஸ்லி லாம்போர்ட்டின் லேடெக் என்ற அச்சுக்கோப்பு நிரலோடு சேர்ந்து இயங்கும்படி, துணைநூற்பட்டியல் தயாரிக்கும் பிப்டெக்கை உருவாக்கினார். அந்த ஆண்டு தட்டிய பிப்டெக் கோப்பு இன்றைக்கும் அப்படியே திறக்கும், இன்றைய நிரல்களிலும் ஓடும். ஆய்வேட்டுக்கு ஐந்தாறு ஆண்டு, அது நூலாக வர இன்னும் சில ஆண்டு என்று போகும் வேலைக்கு இந்த நிதானம் தேவைப்படுகிறது.

தொடங்க என்னென்ன வேண்டும்?

துணைநூல்களுக்கு ஒரே ஒரு பிப் கோப்பு (பிப்டெக் படிக்கும் எளிய உரைக் கோப்பு), குறிப்புகளுக்கு ஒரு கோப்புறை, பிடிஎஃப்களுக்கு இன்னொரு கோப்புறை. தட்டுவதற்கு ஏதாவது ஓர் உரைத்திருத்தி: விஎஸ் கோட், நோட்பேட் பிளஸ் பிளஸ், கேட், எது கைக்கு வருகிறதோ அது. விண்டோஸின் சொந்த நோட்பேடே போதும். ஆனால் கோப்பைச் சேமிக்கும்போது குறியாக்கம் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 2019க்குப் பிந்தைய விண்டோஸ் 10இல் அதுதான் இயல்பு. பழைய கணிப்பொறிகளில் 'ஆன்சி' என்று சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், திரும்பவும் வராது.

இயலுக்கு ஒரு பிப் கோப்பு, தலைப்புக்கு ஒரு பிப் கோப்பு என்று பிரிக்காதீர்கள். ஒரே நூல் மூன்று கோப்பில் மூன்று ஆண்டோடு உட்கார்ந்திருக்கும்.

பிப்டெக் பதிவு எப்படி இருக்கும்?

முதலில் @ குறி. அதையொட்டி வகை: நூலா, இதழ்க் கட்டுரையா, தொகுப்பில் உள்ள கட்டுரையா, ஆய்வேடா. அடுத்து நெளிவடைப்பு திறந்து, அந்தப் பதிவின் சாவி, ஒரு காற்புள்ளி. பிறகு வரிக்கு ஒன்றாக ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஊர், ஆண்டு. ஒவ்வொன்றும் ஒரு சமக்குறி, அதன்பின் நெளிவடைப்புக்குள் மதிப்பு. முடிவில் நெளிவடைப்பு மூட வேண்டும். வகைப் பெயரையும் புலப் பெயரையும் (ஆசிரியர், தலைப்பு, ஆண்டு என்று ஒவ்வொரு வரியின் பெயர்) ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும், மதிப்புகள் தமிழில் இருக்கலாம்.

கையால் தட்ட அலுப்பாக இருந்தால் ஜாப்ரெஃப் நிறுவிக்கொள்ளுங்கள். படிவம்போல நிரப்பினால் அது இதே கோப்பில் எழுதும், தனக்கென்று வேறு தரவுத்தளம் வைத்துக்கொள்ளாது.

சாவியை எப்படி அமைப்பது?

மொத்த ஏற்பாடும் இந்தச் சாவியில்தான் நிற்கிறது. பிப் கோப்பில் பதிவின் சாவி எதுவோ, அதுவே குறிப்புக் கோப்பின் பெயர், பிடிஎஃப்பின் பெயர், ஆய்வேட்டில் மேற்கோள் தரும்போது தட்டும் பெயர். நாளை எந்தச் செயலியை மாற்றினாலும் இந்த நான்கும் ஒன்றையொன்று விடாது.

ஆசிரியர் பெயர், ஆண்டு, தலைப்பில் ஒரு சொல் என்று சேர்த்து, ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளியின்றி அமையுங்கள். தமிழில் வைக்க ஆசையாக இருக்கும். ஆனால் பழைய பிப்டெக் முதல் பென்டிரைவை வாங்கிக்கொள்ளும் ஜெராக்ஸ் கடைக் கணிப்பொறி வரை எங்கும் தொல்லை தராதது ஆங்கில எழுத்துதான். ஒருமுறை வைத்த சாவியை மாற்றாதீர்கள். ஆண்டு தவறென்று பிறகு தெரிந்தால் ஆண்டுப் புலத்தை மட்டும் திருத்துங்கள். சாவி வெறும் அடையாளம், அதில் பிழையான ஆண்டு இருந்தால் ஒன்றும் குடிமுழுகாது.

தமிழ்ப் பெயர்கள் பட்டியலில் தலைகீழாக வருகின்றனவே?

இதுதான் அதிகம் பேர் இடறும் இடம். பிப்டெக், பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். 'உ. வே. சாமிநாதையர்' என்று தட்டினால் சிக்கல் இல்லை. பட்டியலில் 'சாமிநாதையர், உ. வே.' என்று வரும், நம் பல்கலைக்கழகங்கள் கேட்பதும் அதுதான். ஆனால் நாம் பழக்கத்தில் முன்னெழுத்துகளை ஒட்டி 'உ.வே.சாமிநாதையர்' என்று இடைவெளியின்றித் தட்டுவோம். நிரலுக்கு அது ஒரே சொல். ஐயர் உகர வரிசைக்குப் போய்விடுவார்.

'சி. வை. தாமோதரம் பிள்ளை' என்று தட்டினால் வேறு விபரீதம். கடைசிச் சொல் பிள்ளை, ஆகவே 'பிள்ளை, சி. வை. தாமோதரம்' என்று அச்சாகும். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, வேதநாயகம் பிள்ளை என எல்லாரும் பகர வரிசையில் ஒரே இடத்தில் கூடிவிடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்புகளைப் பற்றிய ஆய்வேட்டில் இப்படி அரைப் பக்கம் போகும். மருந்து எளிது: காற்புள்ளியை நீங்களே போடுங்கள். 'தாமோதரம் பிள்ளை, சி. வை.' என்று தட்டினால் காற்புள்ளிக்கு முன்னால் உள்ளது முழுவதும் ஒரே அலகு. தனிநாயகம் அடிகள், தேவநேயப் பாவாணர், ஆறுமுக நாவலர் எல்லாருக்கும் இதையே செய்யுங்கள். இன்னும் சொல்லப்போனால் எல்லாப் பெயரையும் காற்புள்ளி வடிவிலேயே தட்டும் பழக்கம் வந்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

நிறுவனம் ஆசிரியராக இருந்தால் இரட்டை நெளிவடைப்புக்குள் போடுங்கள், நிரல் அதை வெட்டிப் பார்க்காது. இரண்டு ஆசிரியர் என்றால் நடுவில் ஆங்கில 'அண்ட்' என்ற சொல் வேண்டும். 'மற்றும்' என்று தட்டினால் அதுவும் பெயரில் ஒரு பகுதியாகிவிடும்.

பழைய பிப்டெக் நிரல் 1985இன் பிள்ளை. யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட் பிடிக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பெயரைச் சுருக்கும் பாணியில் எழுத்தை நடுவில் அறுத்துவிடும். லேடெக்கில் எழுதுகிறவர்கள் பிப்லேடெக்கையும் அதோடு இயங்கும் பைபரையும் பயன்படுத்துங்கள். பிப் கோப்பு அதேதான், படிக்கும் நிரல் மட்டும் மாறும்.

ஒரே ஆசிரியர் பெயர் பல வடிவில் இருக்கிறது. எதைத் தட்டுவது?

சாமிநாதையர், சுவாமிநாதையர், சாமிநாத ஐயர் என்று முகப்புப் பக்கங்களில் எல்லாம் உண்டு. ஆசிரியர் புலத்தில் ஒரே வடிவத்தை வைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் இருப்பது வேறாக இருந்தால் குறிப்புப் புலத்தில் எழுதிவையுங்கள். கைலாசபதியைப் போல இரு மொழியிலும் எழுதியவர்களின் ஆங்கில நூலுக்கு ஆங்கில வடிவம்தான். அது துணைநூற்பட்டியலின் ஆங்கிலப் பகுதிக்குப் போகும்.

மறுபதிப்புக்கு எந்த ஆண்டைப் போடுவது?

உங்கள் கையில் இருந்த பதிப்பின் ஆண்டை. பக்க எண்கள் அதற்குத்தான் பொருந்தும். சீவக சிந்தாமணியைச் சாமிநாதையர் பதிப்பித்தது 1887இல். நீங்கள் படித்தது அதன் பிற்கால மறுபதிப்பு என்றால், ஆண்டுப் புலத்தில் மறுபதிப்பின் ஆண்டு வர வேண்டும். முதற்பதிப்பின் ஆண்டுக்கு பிப்லேடெக்கில் 'ஒரிஜ்டேட்' என்ற புலம் உண்டு. பழைய பிப்டெக்கில் அது இல்லை, குறிப்புப் புலத்தில் 'முதற்பதிப்பு 1887' என்று எழுதினால் ஆயிற்று. பதிப்பு வரலாறு எழுதுகிறவர்கள் இரண்டையும் விடாமல் நிரப்புங்கள். தாமோதரம் பிள்ளையின் கலித்தொகையும் அதே 1887இல் வந்தது. அன்று யார் எதைப் பார்த்திருக்க முடியும் என்று வாதிடும்போது மறுபதிப்பின் ஆண்டு மட்டும் இருந்தால் வாதம் நிற்காது.

பழைய நூல்களில் 'சர்வசித்து வருடம்' என்பதுபோல அறுபதாண்டுச் சுழற்சிப் பெயர் அச்சாகியிருக்கும். 1887 சித்திரையில் தொடங்கியதும் சர்வசித்துதான், 1947 சித்திரையில் தொடங்கியதும் சர்வசித்துதான். பேப்பரையும் அச்சுக்கூடத்தின் பெயரையும் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். தீர்மானித்த எண்ணை ஆண்டுப் புலத்தில் இடுங்கள், முகப்பில் உள்ள வாசகத்தை எழுத்து மாறாமல் குறிப்புப் புலத்தில் வையுங்கள். தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி என்று மாதம் போட்டிருந்தால் ஆங்கில ஆண்டில் ஒன்று கூட்ட வேண்டும். திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31ஐக் கழிக்க வேண்டும்.

சங்கப் பாடல், கல்வெட்டு, சுவடி?

சங்கப் பாடலுக்குப் பக்க எண்ணை நம்பாதீர்கள். பாடல் எண், அடி எண். ஆனால் எந்தப் பதிப்பு என்பது பிப் கோப்பில் இருக்க வேண்டும், பாடவேறுபாடு அங்கேதான் மாறும். ஆசிரியர் புலத்தை வெறுமையாக விட்டுப் பதிப்பாசிரியர் புலத்தை நிரப்புங்கள்.

கல்வெட்டுக்குத் தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும். ஹூல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதி 1890இல் வந்தது. அந்த வரிசையை மேற்கோள் காட்டும் எவரும் பக்கத்தைவிடக் கல்வெட்டு எண்ணைத்தான் தேடுவார்கள். தொகுதிக்கு ஒரு பதிவு போதும். ஒவ்வொரு கல்வெட்டுக்கும் தனிப் பதிவு தேவையில்லை, எண்ணை மேற்கோள் தரும் இடத்தில் தட்டிக்கொள்ளலாம்.

சுவடிக்கு 'மிஸ்க்' (இதர) வகை. நூலகத்தின் பெயர், சுவடி எண், ஏட்டின் எண்.

பதிப்பகத்தின் பெயரை ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டுமா?

'திருநெல்வேலித் தென்னிந்திய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம்' என்பதைத் தட்டிக் கை ஓய்ந்தவர் கேட்கும் கேள்வி. வேண்டாம். பிப் கோப்பின் தலையில் @ குறியோடு 'ஸ்ட்ரிங்' என்று ஒரு வரி எழுதி, சுருக்கப் பெயர் ஒன்றை இதற்கு இணையாக்கிவிடுங்கள். பிறகு பதிப்பகப் புலத்தில் அடைப்பே இல்லாமல் அந்தச் சுருக்கம் மட்டும். ஒற்றைச் சந்திப்பிழை இருந்தாலும் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

டிஓஐ கொடுத்தால் விவரம் தானே வருமாமே?

வரும். டிஓஐ, அதாவது கட்டுரைக்குத் தரும் நிலையான இணைய அடையாள எண், உள்ள கட்டுரைகளுக்கு இணையத்திலிருந்தே பிப்டெக் பதிவாக இறக்கலாம், ஜாப்ரெஃபிலும் அதற்கு வழி உண்டு. ஆங்கிலத் தலைப்புகளில் 'தமிழ்', 'மெட்ராஸ்' போன்ற பெயர்ச்சொற்களை மட்டும் கூடுதலாக நெளிவடைப்புக்குள் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் சில பாணிகள் முதலெழுத்தைச் சிறிதாக்கிவிடும். 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழுக்கோ கருத்தரங்க ஆய்வுக்கோவைக்கோ டிஓஐ ஏது? கைதான்.

குறிப்புகளை எப்படி எழுதுவது?

ஒரு நூலுக்கு ஒரு கோப்பு, பெயர் அதன் சாவி. முதல் இரண்டு மூன்று வரியில் படி எங்கே கிடைத்தது என்று எழுதுங்கள்: எந்த நூலகம், என்ன வரிசை எண், ஜெராக்ஸா, பிடிஎஃப்பா, என்று படித்தது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பார்த்ததா, இணையத்தில் 'நூலகம்' என்ற தளத்தில் பார்த்ததா என்பது வாய்மொழித் தேர்வின்போது யாராவது கேட்டால்தான் நினைவுக்கு வரும். அப்போது தேட நேரமிருக்காது.

அதற்குக் கீழே மூன்றே வகை வரிகள்: ஆசிரியரின் சொற்கள், அவர் கருத்தை நீங்கள் சுருக்கியது, உங்கள் சொந்த எண்ணம். மூன்றும் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் பிரிந்து தெரிய வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

> மேற்கோள் | புறம். 192: 1 | "யாதும் ஊரே யாவரும் கேளிர்"
> மேற்கோள் | புறம். 192: 9-10 | "நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர் முறைவழிப் படூஉம்"
> சுருக்கம் | புறம். 192 | ஆற்றோடு போகும் தெப்பம்போல உயிர் போகும். ஆகவே பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை.
> நான் | முதலடியை மட்டும் எடுத்தாள்வோர் புணை உவமையை விட்டுவிடுகிறார்கள். பாட்டு ஊழைப் பற்றியது. உறவு அதன் விளைவு.
> நான் | பழைய உரை 266 பாட்டு வரை உண்டு. 'முறை' என்பதற்கு என்ன சொல்கிறது? பார்க்க வேண்டும்.
> #ஊழ் #மேற்கோளாட்சி

'மேற்கோள்', 'சுருக்கம்', 'நான்' என்ற தலைச்சொற்களை நீங்கள் விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம். பிரித்து வைப்பதை மட்டும் விடாதீர்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்தக் கோப்பைத் திறக்கும்போது எந்த வாக்கியம் உங்களுடையது, எது நூலாசிரியருடையது என்று உங்களுக்கே தெரியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் கேள்வி வரும். அந்தக் கேள்வியில் மாட்டும் எல்லாரும் திருடியவர்கள் இல்லை. குறிப்பில் மேற்கோள்குறி போட மறந்தவர்களும் உண்டு.

சுருக்க வரிக்கும் பக்க எண் தேவை. சொற்கள் நம்முடையவைதானே என்று விட்டுவிடுவார்கள். அடிக்குறிப்பு எழுதும் நாளில் அதே நூலை மறுபடி முழுவதும் புரட்ட நேரும்.

கடைசி வரியில் வரும் # சொற்களைக் குறைவாக, ஒரே வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்தும் சொற்களை ஒரு தனிக் கோப்பில் எழுதிவைப்பது உதவும். '#பதிப்பு', '#பதிப்புகள்', '#பதிப்பியல்' மூன்றும் வந்துவிட்டால் எதற்கும் பயனில்லை.

பிடிஎஃப்பிலேயே மஞ்சள் தீட்டி வைத்தால் போதாதா?

படிக்கும்போது தீட்டுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் மஞ்சள் தீட்டியது நீங்கள் படித்தீர்கள் என்பதைத்தான் காட்டும், ஏன் நின்றீர்கள் என்பதைக் காட்டாது. தீட்டிய கோப்பு தொலைந்தால் அதுவும் தொலைந்தது. நூலகத்திலிருந்து கடன் வாங்கிய அச்சு நூலில் தீட்டவும் முடியாது. எல்லா மூலத்துக்கும் ஒரே முறை இருப்பது நல்லது.

பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறதே?

அந்தக் கோப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கிலக் குறியீடு. யூனிகோடுக்கு மாற்றும் மாற்றிகள் இணையத்தில் உண்டு, எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து மாற்றலாம். யூனிகோடில் செய்த பிடிஎஃப்பிலும் சில நேரம் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி ஒட்டும்.

ஸ்கேன் செய்த பக்கமாக இருந்தால் உள்ளே எழுத்தே இல்லை, படம்தான். டெசராக்ட் என்ற கட்டற்ற எழுத்துணரிக்குத் தமிழ்த் தரவு உண்டு. தெளிவான அச்சை நன்றாகவே படிக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சில், புள்ளி தேய்ந்த இடங்களில் தடுமாறும். மேற்கோளாக எடுக்கும் பகுதியை எழுத்தெண்ணிச் சரிபார்க்காமல் ஆய்வேட்டில் ஏற்றாதீர்கள். இரண்டு வரி மேற்கோள் என்றால் கையால் தட்டிவிடுவதே விரைவு.

தேடினால் பாதிதான் கிடைக்கிறது. ஏன்?

தமிழ்ச் சொல் வேற்றுமை ஏற்றால் உருமாறும். 'புறநானூறு' என்று தேடினால் 'புறநானூற்றில்' அகப்படாது. இதற்கு அருமையான குறுக்குவழி ஒன்று, கிரெப், ரிப்கிரெப் போன்ற தேடுகருவிகளில் உண்டு: கடைசி எழுத்தின் குறியை விட்டுவிட்டுத் தேடுங்கள். யூனிகோடில் 'று' என்பது றகரமும் உகரக் குறியும், 'ற்' என்பது றகரமும் புள்ளியும். ஆகவே 'புறநானூற' என்று தேடினால் இரண்டுமே சிக்கும். 'பதிப்ப' என்று தேடினால் பதிப்பு, பதிப்பில், பதிப்பை, பதிப்பாசிரியர், பதிப்பித்தார் எல்லாம் வரும். 'மரம்', 'மரத்தில்' போன்ற மகர ஈற்றுச் சொற்களுக்கு மகரத்தையும் விட வேண்டும். வல்லினம் மிகுந்தாலும் பாதகமில்லை, அது சொல்லின் வாலில்தானே மிகுகிறது.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாது. 'கொ' என்பதை ககரம், ஒகரக் குறி என்று ஒரே குறியீட்டாலும் தட்டலாம், ககரத்துக்குப் பின் எகரக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் சிலர் தட்டியிருப்பார்கள். திரையில் ஒன்றுபோலவே தெரியும், தேடுகருவிக்கு வேறு வேறு. 'ஸ்ரீ' எழுத்துக்கும் இரண்டு குறியீட்டு வரிசை உண்டு. 'ஔ' போடவேண்டிய இடத்தில் ஒகரத்தோடு ளகரத்தைச் சேர்த்து 'ஒளவை' என்று தட்டுவது எங்கும் காண்பது. இணையத்திலிருந்து நகலெடுத்த உரையை யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரித்துத் தட்டியதை ஒரே குறியீடாக்கும் வடிவம்) மாற்றினால் ஒகரச் சிக்கல் தீரும். ஸ்ரீயும் ஒளவையும் தீராது, அவற்றை நீங்களே தேடி மாற்ற வேண்டும்.

அகரவரிசை சரியாக வருமா?

பழைய வரிசைப்படுத்தும் கட்டளைகள் யூனிகோடு எண்ணை மட்டும் பார்த்தால் வராது. யூனிகோடில் னகரம் நகரத்தை ஒட்டி நிற்கிறது, றகரம் ரகரத்தை ஒட்டி நிற்கிறது. நம் வரிசையில் 'ற', 'ன' இரண்டும் கடைசி. ழகரத்துக்கும் ளகரத்துக்கும் வகரத்துக்கும் இடையிலும் இடம் மாறியிருக்கிறது. புள்ளி வைத்த எழுத்து அகராதியில் முன்னால் வரும், யூனிகோடு எண்படி உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியின் வரிசையை எதிர்பார்க்கும் நெறியாளர் உடனே கண்டுபிடித்துவிடுவார். பைபரில் மொழியைத் தமிழ் என்று குறிப்பிட்டு வரிசைப்படுத்தச் சொல்லலாம். எதுவானாலும் இறுதிப் பட்டியலை ஒருமுறை கண்ணால் ஓட்டுங்கள்.

தமிழ் நூல்கள், ஆங்கில நூல்கள் என்று பிரித்துக் கேட்டால் கவலை வேண்டாம். எண்வரிசையில் ஆங்கில எழுத்து முன்னால் வருவதால் இரண்டும் தானாகவே பிரிந்துதான் நிற்கும். இடம் மாற்றி நடுவில் துணைத்தலைப்பைச் செருகுங்கள்.

நெறியாளர் வேர்ட் கோப்புதான் கேட்கிறார்.

எல்லா நெறியாளரும் கேட்பார்கள். இங்கேதான் பாண்டாக் வருகிறது. பெர்க்லியில் தத்துவப் பேராசிரியரான ஜான் மெக்ஃபர்லேன் 2006இல் வெளியிட்ட, ஒரு வடிவக் கோப்பை இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் நிரல் இது. இயலை மார்க்டவுனில், அதாவது தலைப்பு, சாய்வெழுத்து போன்றவற்றைச் சில குறிகளால் காட்டும் எளிய உரையில், எழுதுங்கள். மேற்கோள் வேண்டிய இடத்தில் சதுர அடைப்புக்குள் @ குறி, சாவி, காற்புள்ளி, பக்க எண். இரண்டு நூல் என்றால் நடுவில் அரைப்புள்ளி. வாக்கியத்திலேயே ஆசிரியர் பெயர் வந்துவிட்டால் @ குறிக்கு முன் ஒரு கழித்தல் குறி, அடைப்பில் ஆண்டு மட்டும் வரும். பிறகு 'சைட்ப்ராக்' என்ற விருப்பத்தோடு பாண்டாக்கை ஓட்டினால் துணைநூற்பட்டியலோடு வேர்ட் கோப்பு கையில்.

எம்எல்ஏ, சிகாகோ என்று எந்தப் பாணியும் சிஎஸ்எல் (மேற்கோள் பாணியை விவரிக்கும்) கோப்பாகக் கிடைக்கும். அதுவும் எளிய உரைதான். தமிழ் ஆய்வேட்டில் 'பிபி.', 'எட்.' என்று ஆங்கிலச் சுருக்கங்கள் எட்டிப் பார்த்தால், அந்தக் கோப்பில் 'லொகேல்' பகுதியைச் சேர்த்து 'பக்.', 'பதி.' என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஒருமுறை செய்தால் துறைக்கே கொடுக்கலாம். நேரடியாகப் பிடிஎஃப் வேண்டுமென்றால் ஸீலேடெக்கைப் பயன்படுத்தச் சொல்லித் தமிழ் எழுத்துருவின் பெயரையும் கொடுங்கள். இயல்பாக ஓடும் பிடிஎஃப்லேடெக்குக்குத் தமிழ் வராது.

நெறியாளர் வேர்டில் செய்த திருத்தங்களை மூலக் கோப்பில் நீங்கள் மறுபடி ஏற்ற வேண்டும். இந்த முறையின் உண்மையான தொந்தரவு இதுதான், மறைப்பதற்கில்லை.

ஏற்கெனவே ஜொடேரோ வைத்திருக்கிறேன். விட வேண்டுமா?

வேண்டாம். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மையத்தில் 2006இல் பிறந்த, துணைநூல் விவரங்களைச் சேர்த்துவைக்கும் கட்டற்ற மென்பொருள் அது. உலாவியிலிருந்து விவரம் பிடிப்பதில் இன்றும் அதை மிஞ்ச ஆளில்லை. 'பெட்டர் பிப்டெக்' என்ற செருகியை நிறுவி, தொடர்ந்து புதுப்பிக்கும்படி ஏற்றுமதி அமைத்துவிட்டால் பிப் கோப்பு தானே வளரும். அப்படிச் செய்தால் திருத்தத்தை ஜொடேரோவில் மட்டும் செய்யுங்கள். பிப் கோப்பில் கைவைத்தால் அடுத்த ஏற்றுமதியில் அழிந்துவிடும். குறிப்புகளை அதன் தரவுத்தளத்துக்குள் எழுதாமல் உங்கள் கோப்புறையில் எழுதுங்கள்.

ஈமாக்ஸ், ஆர்க் மோட் கற்றுக்கொள்ள வேண்டுமா?

ஆய்வேடு ஒப்படைக்க ஓராண்டுதான் இருக்கிறது என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நேரமும் ஆர்வமும் இருந்தால் போகலாம். கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் 2003இல் தன் குறிப்புகளுக்காகத் தொடங்கியது, ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்திக்குள் ஓடும் ஆர்க் மோட். 2021 முதல் மேற்கோள் வசதி அதன் உள்ளேயே இருக்கிறது. பிடிஎஃப்பை ஒரு பக்கமும் குறிப்பை மறுபக்கமும் வைத்து, பக்கம் புரளும்போது குறிப்பும் கூடவே நகரும் வசதி உண்டு. அதற்கு ஆசைப்பட்டுத்தான் பலர் உள்ளே போகிறார்கள், பிறகு அமைப்புக் கோப்பைத் திருத்துவதிலேயே வாரங்கள் கழிகின்றன. அப்சிடியன் என்ற குறிப்புச் செயலியும் மார்க்டவுன் கோப்புறையைத்தான் படிக்கிறது, பழகுவது எளிது, கைப்பேசியிலும் ஓடும்.

எக்செல்லில் வைத்தால் என்ன?

பட்டியலாகப் பார்க்க நன்றாக இருக்கும். மேற்கோளாக மாற்ற முடியாது. சிஎஸ்வியாகச் சேமித்து மறுபடி திறந்தால் தமிழ் உடைவதும் உண்டு.

காப்பு எப்படி எடுப்பது?

தெரிந்தவர்கள், கோப்பின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற நிரலைப் பயன்படுத்துங்கள். எந்த நாளில் எந்த வரி மாறியது என்று காட்டும், எளிய உரையின் முழுப் பயன் அங்கேதான் தெரியும். அந்தக் கோப்புகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப்பில் தனிப்பட்ட களஞ்சியம் இலவசம். பிடிஎஃப்களைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றாதீர்கள், பதிப்புரிமைச் சிக்கல் வரும். கிட் தெரியாதவர்கள் வாரம் ஒருமுறை கோப்புறையைச் சுருக்கி உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளலாம். பல ஆண்டு உழைப்பும் படங்கள் இல்லாமல் சில எம்பிதான் வரும்.

செயற்கை நுண்ணறிவிடம் துணைநூற்பட்டியல் கேட்கலாமா?

இல்லாத நூலை, இருக்கும் ஆசிரியர் பெயரில், நம்பும்படியான ஆண்டோடு தரும். கேட்காதீர்கள். உங்களிடம் உள்ள பட்டியலை பிப்டெக் வடிவுக்கு மாற்றித் தரச் சொல்லலாம். அதிலும் எண்களையும் முன்னெழுத்துகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வேர்டில் பல ஆண்டாகச் சேர்த்த பட்டியல் இருக்கிறது. முழுவதையும் மாற்றிவிடட்டுமா?

உட்கார்ந்து மொத்தமாக மாற்றத் தொடங்கினால் ஒரு மாதம் போகும், பாதியில் நின்றும் விடும். இப்போது எழுதும் இயலுக்கு எது தேவையோ அதை மட்டும் பிப் கோப்பில் ஏற்றுங்கள். ஏற்றும்போது நூலையோ முகப்புப் பக்கத்தின் படத்தையோ எதிரில் வைத்துக்கொள்ளுங்கள், பழைய பட்டியலைப் பார்த்து ஏற்றினால் பழைய பிழையும் கூட வரும். ஆய்வேடு முடியும்போது வேர்ட் பட்டியலில் மிஞ்சிக் கிடப்பவை நீங்கள் மேற்கோள் காட்டாத நூல்கள். அவை துணைநூற்பட்டியலில் இடம்பெற வேண்டுமா என்பதை நெறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், துறைக்குத் துறை வழக்கம் வேறு.